நூற்றுப் பதினேழாவது பெயர்

போடி பஸ் நிலையத்துக்கு எதிரே அந்த பிளெக்ஸ் பேனரைக் கட்டின நாளிலிருந்து ஈஸ்வரனுக்குச் சோறு இறங்கவில்லை. பன்னிரண்டு அடி உயரத்துக்கு நட்சத்திரமும் சூரியனுமாகப் போட்டு, நடுவில் கோட்டு மாட்டின பிரேம்சிங்கை நிற்க வைத்திருந்தார்கள். 'போடி மண் தந்த விஞ்ஞானியே, வருக' என்று மேலே கொட்டை எழுத்து. கீழே வரவேற்பவர்கள் வரிசையில் தபால்தலை அளவுக்கு முப்பது முகங்கள். அதில் கடைசிக்கு முந்தினது ஈஸ்வரனுடையது, அதிலும் கண் பாதி மூடியிருந்தது. ஸ்கூட்டரை ஓரம் கட்டிப் பார்த்துவிட்டு, சித்திரை மாச வெயிலில் கோட்டுப் போட்டிருக்கிறான் பார் என்று பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரரிடம் சொன்னார். ஆட்டோக்காரர் பேனரை ஏறிட்டுப் பார்த்து, "ஆளு நல்லா எடுப்பாத்தான இருக்காரு" என்றார். அதற்கு மேல் அங்கே நிற்க அவரால் முடியவில்லை.

குறை என்று சொல்ல ஈஸ்வரனுக்கு ஒன்றும் கிடையாது. ஐம்பது வயது. மலைத் தோட்டத்து ஏலக்காயை ஏலத்தில் எடுத்து, தரம் பிரித்து, வடக்கே அனுப்புகிற கடை. ஊரில் நல்ல பெயர். சொந்த வீடு, புஷ்பலதா மாதிரி ஒரு மனைவி, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள். இத்தனையும் இருந்து என்ன செய்ய, பிரேம்சிங் என்று ஒருத்தன் உலகத்தில் இருந்தானே!

இரண்டு பேரும் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இயற்பியல் படித்தவர்கள். ஈஸ்வரன் முதல் மார்க், பிரேம்சிங் இரண்டாவது. மூன்று வருஷமும் அப்படித்தான், ஒரு பரீட்சையில்கூட மாறவில்லை. ஈஸ்வரனின் ரெக்கார்டு நோட்டை வாங்கிக்கொண்டுபோய், படத்துக்குப் படம், எண்ணுக்கு எண் பார்த்து எழுதித்தான் பிரேம்சிங் செய்முறைத் தேர்வு தேறினான். இதை ஈஸ்வரன் இருபத்தொன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். காய் விற்க வருகிறவர்களிடமும் சொல்லுவார், முடி வெட்டுகிறவரிடமும் சொல்லுவார். சொல்லி முடித்ததும் ஒரு பெருமூச்சு விட்டு, "எங்கப்பா மட்டும் அன்னைக்கு விட்டுருந்தா, இன்னைக்கு நான் இருக்குற இடமே வேற" என்பார். கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள்.

விஷயம் இதுதான். படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் நேர்முகத் தேர்வுக்கு இரண்டு பேருக்கும் கடிதம் வந்தது. பிரேம்சிங் போனான். ஈஸ்வரன் போகவில்லை. கடைக்கு ஆள் வேண்டும் என்று அப்பா தடுத்துவிட்டார் என்பது ஊரறிந்த கதை. போனவன் ஆராய்ச்சி, வெளிநாடு, மறுபடி பம்பாய் என்று ஏறிக்கொண்டே போய், இப்போது மலைக்குள் வரப்போகிற நியூட்ரினோ ஆய்வகத்துக்காகப் பேச வருகிறான்.

அவன் எழுதுகிற கட்டுரைகளை ஈஸ்வரன் ஒன்று விடாமல் படிப்பார். கடை லேப்டாப்பில், ஏல விலைப் பட்டியலுக்குப் பின்னால் ஒளித்துவைத்துப் படிப்பார். எதற்கு என்கிறீர்கள்? குற்றம் கண்டுபிடிக்கத்தான். போன வருஷம் ஒரு கட்டுரையில் எழுதினவர்கள் பெயர் மட்டுமே இருநூறுக்கு மேல் இருந்தது. விரலை வைத்து எண்ணிப் பார்த்தார். பிரேம்சிங்கின் பெயர் நூற்றுப் பதினேழாவது. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் கால் கிலோ அல்வா வாங்கிக்கொண்டு போனார். என்ன விசேஷம் என்று புஷ்பலதா கேட்டதற்கு, ஒன்றுமில்லை, தோன்றியது என்றார்.

அந்த ஆய்வகம் பத்துப் பன்னிரண்டு வருஷமாக இழுபறியில் கிடந்தது. ராசிங்காபுரத்துக்கு மேற்கே மலையைக் குடைந்து, உள்ளே ஆயிரக்கணக்கான டன் இரும்பை அடுக்கி, கண்ணுக்குத் தெரியாத துகளைப் பிடிக்கப் போகிறார்கள், ஆயிரத்துச் சொச்சம் கோடி செலவு என்றால், ஊர் சும்மா இருக்குமா? டீக்கடைக்கு டீக்கடை வாய்ச்சண்டை. ஒருத்தர் போடியின் பெயர் உலகப்படத்தில் வரும் என்பார். ஒருத்தர் அணை உடையும் என்பார். வணிகர் மன்றத்துக்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ஆண்டு விழாவில் இதையே பட்டிமன்றமாக வைப்பது, நடுவர் என்ன தீர்ப்புச் சொல்கிறாரோ அதையே மன்றத்தின் தீர்மானமாக மேலே அனுப்புவது, பிரேம்சிங்கைச் சிறப்பு விருந்தினராக அழைப்பது.

இந்தச் செய்தி கேட்டதும் ஈஸ்வரனுக்கு உள்ளூரக் குளுகுளுவென்று இருந்தது. எதிர்த்துப் பேச இந்த ஊரில் தன்னைவிட்டால் யார்? அடிப்படை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சொந்த ஊரில், சொந்த சனத்துக்கு முன்னால், அந்தக் கோட்டுக்காரன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். ஊரே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஆய்வகத்துக்கு ஆகிற கோடிகளை எதிர்த்துப் பேசுவதற்காக ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்துவிட்டார்.

மன்றச் செயலாளர் தங்கபாண்டியன் பழங்கள் வாங்கிக்கொண்டு கடைக்கே வந்தார். ஆதரவு அணிக்கு ஈஸ்வரன்தான் தலைவர் என்றார்.

ஈஸ்வரனுக்கு ஒரு நிமிஷம் காது அடைத்துவிட்டது. எந்த அணி என்று திரும்பக் கேட்டார். ஆய்வகம் வேண்டும் என்கிற அணிதான், கூட்டாளி வர்றப்போ எதிர் அணியில் உங்களை உட்காரவைக்க எங்களுக்கு மனசு வருமா, பிரேம்சிங் சாரும் போனில் உங்களைத்தான் முதலில் விசாரித்தார் என்று தங்கபாண்டியன் சிரித்தார். நல்லது செய்வதாக நினைத்துத்தான் அந்த மனுஷன் செய்தார். மறுத்தால் ஏன் மறுக்கிறார் என்று ஊர் கேட்கும். கேட்டால் பொறாமை என்று பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடும். ஈஸ்வரன் பழங்களை வாங்கி வைத்துக்கொண்டு சரி என்றார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது புஷ்பலதா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்றாள். அவளுக்கு எல்லாம் தெரியும். இருபத்தாறு வருஷம் கூட இருந்தவளுக்கு அல்வா எதற்கு வந்தது என்பதுகூடத் தெரியும். ஈஸ்வரனுக்கு வேறு யோசனை உதித்திருந்தது. நன்றாகப் பேசினால்தானே ஜெயிக்கும்? மோசமாகப் பேசலாமே! கூட இருந்துகொண்டே கவிழ்த்துவிட்டால் ஒருத்தனுக்கும் தெரியாது. உப்புச் சப்பில்லாமல் பத்து நிமிஷம் வாசித்துவிட்டு உட்கார வேண்டியது. தோற்றது ஆய்வகமாக இருக்கும், ஈஸ்வரனாக இருக்காது. இந்த யோசனை வந்ததும் இன்னும் இரண்டு கரண்டி சோறு கேட்டு வாங்கிக்கொண்டார்.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை, கல்யாண மண்டபத்தில். ஏலம் இல்லாத நாள் என்பதால் வியாபாரிகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ராசிங்காபுரத்திலிருந்தும் சிலமலையிலிருந்தும் இரண்டு வேனில் விவசாயிகள். பிரேம்சிங் கோட்டுப் போடவில்லை. சாதாரண அரைக்கைச் சட்டை. ஈஸ்வரனைக் கண்டதும் மேடையென்றும் பாராமல் ஓடிவந்து கட்டிக்கொண்டு, "மாப்ளே, எப்படிடா இருக்க?" என்றான். தலையில் ஒரு நரைமுடி கிடையாது. சாயமாகத்தான் இருக்கும் என்று ஈஸ்வரன் அருகில் உற்றுப் பார்த்தார். சாயம் இல்லை. அது வேறு எரிந்தது.

எதிர் அணித் தலைவர் சந்திரவல்லி. மலைத் தோட்டங்களில் பதினெட்டு வருஷமாக நர்சாக இருக்கிறவர். அவர் அணியில் ராசிங்காபுரத்து விவசாயி மொக்கச்சாமி முதலில் எழுந்தார். பாறைக்கு வெடி வைத்தால் கிணற்று ஊற்று என்ன ஆகும், ஆடு மேய்க்கிற கரட்டுக்கு வேலி போட்டால் நாங்கள் எங்கே போவோம் என்று கேட்டார். பன்னிரண்டு வருஷமாகக் கேட்கிறோம், வாயால் சொல்கிறார்கள், எழுத்தில் ஒருத்தரும் தரவில்லை என்றார். கூட்டத்தில் பின்பாதி எழுந்து நின்று கை தட்டியது.

ஈஸ்வரனின் அணியில் பேசிய இரண்டு பேரும் நாட்டின் பெருமை, வல்லரசு என்று எதையோ பேசிவிட்டு உட்கார்ந்தார்கள். ஈஸ்வரன் மனசுக்குள் அவர்களுக்கு நன்றி சொன்னார்.

சந்திரவல்லி எழுந்தார். அந்தம்மா கையில் தாள் இல்லை. விடியும் முன்னே ஜீப்பில் அடைத்துக்கொண்டு மலைக்குக் கூலிக்குப் போகிற பெண்களைச் சொன்னார். பிரசவ வலி எடுத்தவளைக் கம்பளியில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கின ஒரு மழைநாளைச் சொன்னார். பாதி வழியில் பிள்ளை பிறந்தது, பிள்ளை தங்கவில்லை. மலைக்கு ஒரு ரோடு போடக் காசு இல்லை என்கிறவர்களுக்கு, கண்ணுக்கே தெரியாத ஒன்றைப் பார்க்க இத்தனை கோடி எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். கேட்டுவிட்டு ஈஸ்வரன் பக்கம் திரும்பினார்.

"அய்யா ஏலக்காய் வியாபாரி. லாபம் இல்லாம ஒரு கைப்பிடிக் காயக் கீழ போடுவாரா? மனசாட்சியத் தொட்டுச் சொல்லட்டும், நான் உக்காந்துர்றேன்."

பின்பாதி கை தட்டியது. முன்பாதியோ, வியாபாரிகள் இருந்த பக்கம், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தது. சந்திரவல்லிக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. காய் விளைகிற மலையிலேயே பதினெட்டு வருஷம் இருந்தவர்தான். ஆனால் ஏல மையத்துக்குள் ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

ஈஸ்வரன் வாசிக்க இருந்த உப்புச் சப்பில்லாத தாள் சட்டைப்பையில் இருந்தது. கை அதற்குப் போகவும் செய்தது. ஆனால் என்ன செய்வது, அந்தச் சிரிப்பு அவரைக் கிளப்பிவிட்டது. இப்படியொரு பந்தைக் கையில் கொடுத்தால் எந்தப் பேச்சாளன்தான் விடுவான்! மைக்கைப் பிடித்தார்.

"தாயி, நீங்க உக்காந்துருங்க. போடுவேன். தெனமும் போடுறேன்" என்றார். மண்டபம் அதிர்ந்தது.

ராசிங்காபுரத்துக்காரர்களுக்கும் புரியும்படி விளக்கினார். ஏலம் நடக்கும்போது ஒவ்வொரு குவியலிலிருந்தும் சாம்பிள் எடுத்து, வாங்க வந்திருக்கிற ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார்கள். தட்டில் கொட்டி, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, ஒன்றை உடைத்து மோந்து பார்த்து, விலை சொல்லுவார்கள். சொன்ன கையோடு தட்டைக் காலடியில் கவிழ்த்துவிடுவார்கள். அடுத்த சாம்பிள் வந்துகொண்டிருக்கும், திருப்பி அள்ள நேரமில்லை. மத்தியானம் பார்த்தால் கணுக்கால் வரைக்கும் காய். அத்தனையும் பச்சை நிறம் மாறாத காய், நல்ல காய். நாற்பது பேர் பார்த்து ஒருத்தர் வாங்குகிறார். மீதி முப்பத்தொன்பது கைப்பிடிக் காயும் தரைக்குத்தான் போகிறது.

"இது வீண்செலவுன்னு எந்த வியாபாரியாவது இன்னைக்கு வரைக்கும் சொல்லிருக்காரா? பாக்குறதுக்குக் குடுக்குற காசு அது. பாக்காம வெல சொன்னவன் யாரும் இந்த ஊர்ல கடை வெச்சு நிலைச்சதில்ல."

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. எதற்காக இதெல்லாம் படித்தாரோ அது மறந்துபோய், படித்ததெல்லாம் வாயில் வந்துகொண்டிருந்தது. மலை எதற்கு என்று கேட்டீர்களே, மலை ஒரு சல்லடை என்றார். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் பெரிய காய் நின்றுவிடும், சின்னது கீழே இறங்கும். அதைப்போல வானத்திலிருந்து ஓயாமல் கொட்டுகிற மற்ற துகளெல்லாம் ஒரு கிலோமீட்டர் பாறையில் நின்றுவிடும், நியூட்ரினோ மட்டும் உள்ளே வரும். இப்போது இந்த நிமிஷம் உங்கள் உடம்பு வழியாகவும் போய்க்கொண்டிருக்கிறது, கோடானுகோடி, ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை பாருங்கள் என்றார். முன்வரிசையில் ஒரு பெண்மணி புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். இதனால் நாளைக்கே என்ன கிடைக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, பிரேம்சிங்குக்கும் தெரியாது, தெரியும் என்று சொன்னால் அவன் பொய் சொல்கிறான் என்றார். பிரேம்சிங் சிறப்பு விருந்தினர் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஆமாம் என்று தலையாட்டினான். மொக்கச்சாமி கேட்ட கிணற்றுக்குப் பதிலை எழுத்தில் தரத்தான் வேண்டும், தராமல் ஒரு கல்லை அசைக்கக் கூடாது என்றார். சந்திரவல்லி சொன்ன அந்தப் பிள்ளைக்குத் தன்னிடம் பதில் இல்லை, அந்த ரோட்டையும் போடு, இதையும் செய் என்று கேட்கிற வாய் நமக்கு வேண்டும் என்றார்.

கேட்கிற அத்தனை பேரும் தன் பக்கம் சாய்ந்துவிட்ட அந்த மயக்கத்தில், பழக்க தோஷத்தில், அதுவும் வந்துவிட்டது.

"எங்கப்பா மட்டும் அன்னைக்கு விட்டுருந்தா, நானும் அந்த நாற்காலியில உக்காந்துருப்பேன்."

கூட்டம் உச்சுக் கொட்டியது. பிரேம்சிங் நிமிர்ந்து ஈஸ்வரனைப் பார்த்தான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டான்.

நடுவர் தேனியிலிருந்து வந்த தமிழ்ப் பேராசிரியர். கிணற்றுக்கும் மேய்ச்சலுக்கும் எழுத்தில் பதில் தந்த பிறகு ஆய்வகம் வரட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். மொக்கச்சாமியே எழுந்து, எழுத்தில் தந்தால் சரிதான் என்றார். தங்கபாண்டியன் ஓடிவந்து ஈஸ்வரனுக்குப் பொன்னாடை போர்த்தினார். போர்த்திக்கொண்டு நிற்கும்போதுதான் ஈஸ்வரனுக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்பது உறைத்தது. கவிழ்க்க வந்தவர் தன் கையாலேயே பிரேம்சிங்கைத் தூக்கி நிறுத்தியிருந்தார். இனி ஆய்வகம் வந்தால் கல்வெட்டில் யார் பெயர் வரும்? ஈஸ்வரன் பெயரா வரும்!

பிரேம்சிங் பேச எழுந்தான். தன்னால் இத்தனை வருஷத்தில் சொல்ல முடியாததை ஈஸ்வரன் பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டான் என்றான். ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதினதைத் தானாகவே சொல்லிச் சிரிக்க வைத்தான். ஈஸ்வரனுக்கு அதுகூடப் பிடிக்கவில்லை. இருபத்தொன்பது வருஷமாக வைத்திருந்த ஒரே ஆயுதத்தை அவனே எடுத்துக்கொண்டுவிட்டான். பிறகு பிரேம்சிங் கொஞ்சம் நிறுத்தி, நிதானமாகச் சொன்னான்.

"ஈஸ்வரனோட அப்பாவப் பத்தி ஒரு வார்த்த சொல்லணும். ரொம்ப நல்ல மனுசன். அன்னைக்கு என்னைய பஸ் ஏத்திவிட்டது அவருதான். அவரு கையால கட்டுன புளிச்சோறு, ரெண்டு பொட்டலம் குடுத்தாரு. மதுரை தாண்டுறதுக்குள்ள ரெண்டையும் நாந்தான் தின்னேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஈஸ்வரனும் சிரித்தார். பெண்கள் வரிசையில் புஷ்பலதா சிரிக்கவில்லை.

மத்தியானம் பிரேம்சிங்கைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். அவன் ஒரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும்போது பின்னால் உட்கார்ந்திருந்தாள். தெரு திரும்பினதும் கேட்டாள்.

"போக வேணாம்னு சொன்னவரு எதுக்குங்க ரெண்டு பொட்டலம் கட்டுனாரு?"

ஈஸ்வரன் ரோட்டைப் பார்த்தபடி ஓட்டினார். வழிக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று கட்டியிருப்பார் என்றார். அடுத்தவன் பிள்ளைக்கா, விடிகாலையில் எழுந்து, மாமா தன் கையால் சமைத்தா என்று கேட்டாள். மாமியார் அதற்கு முன்பே இறந்துவிட்டார் என்பது அவளுக்குத் தெரியும். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியும் அவர் இறங்கவில்லை. அவளும் இறங்கவில்லை.

"பொய்தான்" என்றார் ஈஸ்வரன், முன்னால் பார்த்தபடியே.

அப்பா போ என்றுதான் சொன்னார். கெஞ்சினார் என்றே சொல்ல வேண்டும். அந்த வருஷம் காய் விலை ஏறிக் கிடந்தது. அப்பாவுக்குக் காய்ச்சல் என்று முந்தின வாரம் அவருக்குப் பதிலாக ஏலத்தில் உட்கார்ந்த ஈஸ்வரன் எடுத்த ஒரே ஒரு குவியல், நாலே நாளில் வாத்தியார் வேலையில் ஒரு வருஷம் கிடைக்கிறதைத் தந்துவிட்டது. அந்த ருசி ஏறிப்போயிருந்தது. நேர்முகத் தேர்வுக்குக் கிளம்ப வேண்டிய அன்றைக்கும் ஏலம். பஸ் நிலையம் வரைக்கும் வந்து, பிரேம்சிங்கிடம் நீ போ, நான் வரவில்லை என்று சொல்லிவிட்டு ஏலக் கூடத்துக்கு ஓடினார். பின்னாலேயே அப்பா பையைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்ததைப் பார்த்தார், பார்க்காத மாதிரி போய்விட்டார். பழி எப்படி அப்பா மேல் போனது? புஷ்பலதாவைப் பெண் பார்க்கப் போன இடத்தில்தான். இத்தனை மார்க் வாங்கிய பிள்ளை ஏன் மேலே படிக்கவில்லை என்று அவளுடைய அப்பா கேட்டார். அப்பாவுக்காக விட்டேன் என்று ஈஸ்வரன் வாய்க்கு வந்ததைச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஆமாம், நான்தான் வேண்டாம் என்றேன் என்றார். பெண் வீட்டில் எல்லோருக்கும் பையனை ரொம்பப் பிடித்துப்போனது.

புஷ்பலதா இறங்கி உள்ளே போனாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. ஈஸ்வரன் பொன்னாடையை மடித்து மடித்து ஒரு கையகலத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

ஒரு மணிக்குப் பிரேம்சிங் வந்தான். இலை போட்டாள், இரண்டு பேருக்கும் பரிமாறினாள். பேச்சு பேப்பர், கட்டுரை என்று போனபோது, "உங்க பேரு எத்தனாவதுன்னு இவரு எண்ணி வெச்சுருக்காருண்ணே" என்று போட்டு உடைத்துவிட்டாள். ஈஸ்வரனுக்கு மானமே போனது. பிரேம்சிங்குக்கோ முகமெல்லாம் சந்தோஷம். நூற்றுப் பதினேழு என்று அவனே சொன்னான். அவன் வீட்டில்கூட அதை ஒருத்தரும் படிக்கவில்லையாம்.

புஷ்பலதா குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, இவரு எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு. அன்னைக்கு மாமா உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

பிரேம்சிங் ஈஸ்வரனைப் பார்த்தான். ஈஸ்வரன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் பெரிசா சொல்லலம்மா. இவன் போன தெசையையே பாத்துக்கிட்டு நின்னாரு. பஸ்சு எடுக்குறப்ப பொட்டலத்தச் சன்னல் வழியாக் குடுத்தாரு. அவனுக்கு மனசு வரல, நீயாவது போயி ரெண்டு பேருக்கும் சேத்துப் படிச்சுட்டு வாப்பான்னாரு."

புஷ்பலதா சுவரில் மாலை போட்டிருந்த மாமனார் படத்தைப் பார்த்தாள். அவள் அழவில்லை. கோபமாகத்தான் இருந்தாள்.

"பதினெட்டு வருசம் இந்த வீட்டுல அவரோட இருந்துருக்கேன்" என்று ஈஸ்வரனிடம் சொன்னாள். "எம் புருசன் வாழ்க்கையக் கெடுத்த மனுசன்னு ஒரு நாளு முகங்குடுத்துப் பேசல. தட்ட வெச்சுட்டு உள்ள போயிருவேன். அவரா எடுத்துப் போட்டுச் சாப்பிடுவாரு. ஏம்மான்னு ஒரு வார்த்த கேட்டதில்ல."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மோர் ஊற்ற வரவில்லை.

ஈஸ்வரன் இலையில் சோறு அப்படியே இருந்தது. அப்பாவின் ஆசீர்வாதத்தையும் அவன்தான் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான், தன் பங்குச் சோற்றையும் சேர்த்து. இந்த நேரத்திலும் வயிறு எரிந்தது. அதை நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் எரிந்தது. பிரேம்சிங்கை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"அந்தச் சோறு எப்படிடா இருந்துச்சு?"

பிரேம்சிங் யோசிக்கக்கூட இல்லை. "உப்பு தூக்கல்" என்றான்.

அப்பா எதைச் சமைத்தாலும் உப்பைக் கூடத்தான் போடுவார். ஈஸ்வரனுக்கு அது மறந்தே போயிருந்தது.